வேலிக்கால் ஆடினால்: சிமெண்ட் கலக்கும் முன் பார்க்க வேண்டியவை

கொல்லை வேலியில் ஒரு கால் ஆடத் தொடங்கினால் நம் பக்கம் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். கால் மூட்டை சிமெண்ட், இரண்டு சட்டி மணல், கொஞ்சம் ஜல்லி. காலைச் சுற்றி ஒரு சாண் பறித்து, கலவையைக் கொட்டி, கரண்டியால் தடவிவிட்டு, வேலை முடிந்தது என்று போய்விடுவோம். எங்கள் கொல்லையில் வாய்க்கால் ஓரமாக நின்ற காலுக்கு நான் அப்படித்தான் செய்தேன். தை மாதம் போட்ட சிமெண்ட். அடுத்த கார்த்திகையில் மூன்று நாள் அடைமழை ஓய்ந்து போய்ப் பார்த்தால் கால் படுத்துக் கிடக்கிறது. சிமெண்ட் வளையம் இம்மி அசையவில்லை. அதன் விளிம்போடு மரம் மட்டும் ஊறிய ரொட்டி மாதிரி பிய்ந்திருந்தது. வளையத்துக்குள் விரலை விட்டால் தண்ணீர் நிற்கிறது.

அந்தக் காலைச் சுற்றி மண் கெட்டியாகவே இருந்திருக்கிறது. கெட்டுப்போனது மரம். அதைப் பார்க்காமல் மண்ணுக்கு வைத்தியம் செய்திருக்கிறேன்.

காவிரிப் படுகையில் வேலிக்கால் ஆடுவதற்கு ஏழெட்டு காரணங்கள்தான் உண்டு. ஒவ்வொன்றும் தனி அடையாளம் காட்டும். அடையாளத்தைப் பார்த்து அதற்கு உரியதைச் செய்தால் பல சமயம் சிமெண்ட் தேவையே படாது. கீழே சொல்வது மரக்கால் நட்டு வரிச்சோ (குறுக்குக் கழி) முள்கம்பியோ கட்டிய வேலிக்கு.

முதலில் ஆட்டிப் பாருங்கள்

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் காலை நெஞ்சு உயரத்தில் பிடித்து மெதுவாக முன்னும் பின்னும் தள்ள வேண்டும். இன்னொருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காலும் மண்ணும் சேரும் இடத்தை மட்டும் பார்க்க வேண்டும். மேலே பார்க்காதீர்கள். மேலே எல்லாக் காலும் ஒரே மாதிரிதான் ஆடும்.

மரத்தைச் சுற்றி மண்ணில் ஓர் இடைவெளி திறந்து மூடினால் கோளாறு மண்ணில். மண் அப்படியே இருக்க, மரம் மட்டும் மண்மட்டத்தில் மடங்கினால், அல்லது 'கரக்' என்று ஒரு சத்தம் வந்தால், கோளாறு மரத்தில். இரண்டும் அசையாமல் மேலே வரிச்சும் கம்பியும் மட்டும் கடகடவென்று ஆடினால் கட்டு தளர்ந்திருக்கிறது. கால் அசையவே இல்லை, ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்து உறுதியாக நிற்கிறது என்றால் எதுவோ அதை இழுக்கிறது. பெரும்பாலும் அது மூலைக்காலாகவோ படல், அதாவது வேலிக் கதவு, கட்டிய காலாகவோ இருக்கும்.

அப்புறம் குத்திப் பார்க்க வேண்டும். காலைச் சுற்றி அரை அடி ஆழத்துக்கு மண்ணை ஒதுக்குங்கள். பழைய ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து மண்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே, நான்கு பக்கமும் குத்துங்கள். நல்ல மரம் முனையை உள்ளே விடாது. அழுத்தாமலே அரை அங்குலம் இறங்கினால் அங்கே அழுகல் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் குத்திவிட்டு நல்லாத்தான் இருக்கு என்று எழுந்துவிடாதீர்கள். வாய்க்கால் பக்கம் அழுகி, வீட்டுப் பக்கம் கல் மாதிரி இருக்கும் கால்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கோடையில் ஆடுகிறது, மழையில் நின்றுவிடுகிறது

பங்குனி, சித்திரையில் காலைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஆட்டினால் தாராளமாக ஆடும். ஐப்பசியில் நாலு மழை பெய்ததும் யாரோ பிடித்து நிறுத்தியது போல் நின்றுவிடும். மறுபடி கோடையில் ஆடும். மரத்தைக் குத்திப் பார்த்தால் கெட்டி.

இது களிமண்ணின் குணம். தஞ்சாவூருக்குக் கிழக்கே திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வரைக்கும் பழைய டெல்டாவின் வண்டல் பெரும்பாலும் கனமான களி. ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வயல் பாளம் பாளமாக வெடிக்கும்போது உங்கள் காலடியிலும் அதுதான் நடக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை இப்படித் திறந்து மூடும் குழியில் கால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும். ஏனென்றால் திறந்திருக்கும்போது மேலே இருந்து உதிரும் மண் ஒரு பக்கமாகப் போய் அடைத்துக்கொள்கிறது.

வெடிப்பில் அதே களிமண்ணைத் தூளாக்கிக் கொட்டி மிதிப்பதில் பயன் இல்லை. அதுவும் மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும். காலைச் சுற்றி முக்கால் அடி அகலத்துக்கு, ஒன்றரை அடி ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிடுங்கள். அங்கே செங்கல் கப்பியும் மணலும் கலந்து அரை அடி அரை அடியாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசு கட்டையால் நன்றாக இடியுங்கள். கடப்பாரையின் மழுங்கிய முனையும் போதும். கப்பி சுருங்காது, உப்பாது. மேல் அரை அடிக்கு மட்டும் களிமண்ணை ஈரப்பதத்தில் அறைந்து, காலிலிருந்து வெளியே சரிவாக மேடு கட்டிவிடுங்கள். மழைத்தண்ணீர் கப்பிக்குள் இறங்காமல் வழிந்து ஓட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குழியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடிந்துவிடும் என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம், புது ஆறு என்று நாம் சொல்லும் கல்லணைக் கால்வாய் பாயும் செம்மண்ணில் அது சரி. அங்கே தண்ணீர் கீழே இறங்கும். வேதாரண்யம் மணலிலும் சரி. பழைய டெல்டாக் களியில் அந்த ஜல்லித் தண்ணீருக்குப் போக வழியே கிடையாது. கார்த்திகை முழுக்க அது ஒரு சின்னக் கிணறாக நின்று மரத்தின் அடியை ஊறவைக்கும். களிமண் நிலத்தில் தண்ணீரை மேலேயே தடுப்பதுதான் வழி, அடியில் வடிப்பது அல்ல.

வேலைக்கு ஏற்ற காலம் தை, மாசி. மண்ணில் ஈரம் இருக்கும், சேறு இருக்காது. சித்திரையில்தான் முடியும் என்றால் முதல் நாள் சாயங்காலம் காலடியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு மறுநாள் வெட்டுங்கள். கை தப்பிக்கும்.

மழையில் சாய்கிறது, வாய்க்கால் பக்கமாகவே சாய்கிறது

இது முந்தையதற்கு நேர் எதிர். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்குப் பிறகு நம் வாய்க்காலில் தண்ணீர் ஏறியதும், அல்லது வடகிழக்குப் பருவமழையில், காலடி மண் களி உருண்டை மாதிரி குழைந்துவிடும். வாய்க்கால் ஓரத்தில் ஒரு பக்கம் மண்ணே இல்லை, சரிவுதான். கால் அந்தப் பக்கம் போகிறது.

சாய்ந்த காலுக்கு மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று யோசித்தால் வைத்தியம் தானே தெரியும். கால் கிழக்கே சாய்கிறது என்று வையுங்கள். மண்மட்டத்துக்கு அருகில் மரம் கிழக்குப் பக்கத்து மண்ணை நெட்டுகிறது. அடி முனையோ மேற்குப் பக்கத்து மண்ணை நெட்டுகிறது. நடுவில் எங்கோ அது அச்சாணி மாதிரி திரும்புகிறது. அப்படியானால் பலம் வேண்டியது இரண்டே இடத்தில். சாயும் பக்கம் மேலே, எதிர்ப்பக்கம் அடியில்.

காலைத் தூக்கி நேராக்குங்கள். தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பது நல்லது. கண்ணை நம்பினால் பக்கத்துத் தென்னை சாய்ந்திருப்பதற்கு ஏற்ப நாமும் சாய்த்துவிடுவோம். எதிர்ப்பக்கம் அடியில் ஒரு பெரிய செங்கல் துண்டை, அல்லது பழைய படிக்கல் உடைசலைக் காலோடு ஒட்டிப் படுக்கப் போட்டு இடியுங்கள். நாலைந்து அங்குலம் மண் ஏற ஏற இடித்துக்கொண்டே வாருங்கள். மண்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே வந்ததும் சாயும் பக்கத்தில் இரண்டடி நீளமுள்ள ஒரு கல்லையோ, தார் பூசிய பனைமரத் துண்டையோ குறுக்காகப் படுக்க வைத்துக் காலோடு நெருக்குங்கள். இனி கால் சாய வேண்டுமானால் அந்த இரண்டடி அகல மண்ணையும் நகர்த்தியாக வேண்டும். ஒரு சட்டி சிமெண்ட் இல்லாமல் இப்படி நிறுத்திய கால்கள் எங்கள் வாய்க்கால் ஓரத்தில் பல மழை பார்த்துவிட்டன.

ஆழமும் பாருங்கள். மரத்தின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. நாலரை அடி வேலிக்கு ஆறே முக்கால் அடி மரம். ஒன்றேகால் அடி மட்டும் ஊன்றிய காலை எந்தக் கல்லும் காப்பாற்றாது. பிடுங்கி ஆழமாக நட வேண்டியதுதான்.

காலைச் சுற்றி ஓட்டைகள்

நண்டு வளையும் எலி வளையும். வரப்பை ஒட்டிய வேலியில் இது சகஜம். காலடியில் உருண்டை உருண்டையாகச் சேற்று மண் கிடந்தால் நண்டு. தூள் மண் குவிந்து, பக்கத்தில் கடித்துப் போட்ட கதிர் கிடந்தால் எலி. பெருச்சாளி என்றால் குழி இன்னும் பெரிதாக, வீட்டுக் கழிவுநீர் போகும் பக்கமாக இருக்கும். தயவுசெய்து கையை விடாதீர்கள். எலி வளையில் பாம்பு தங்கும். கடப்பாரையால் தோண்டித் திறந்து, உடைந்த ஓடும் கப்பியும் இறுக்கி இடித்து மூடுங்கள். வெறும் மண்ணால் மூடினால் அன்று இரவே மறுபடி திறந்துவிடும்.

மரம் மண்மட்டத்தில் மடங்குகிறது

மிக அதிகமாக வரும் கோளாறு இது. தப்பான வைத்தியம் அதிகம் நடப்பதும் இதற்குத்தான்.

பிடுங்கிய பழைய கால் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேல் பகுதி நன்றாக இருக்கும். ஆச்சரியமாக, அடி முனையும் ஓரளவு நன்றாக இருக்கும். மண்மட்டத்துக்குச் சற்று மேலிருந்து ஓர் அடி கீழே வரை மட்டும் இடுப்பு ஒடுங்கியது போலத் தின்னப்பட்டிருக்கும். மரத்தை அழுகவைக்கும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மேலே ஈரம் நிற்பதில்லை. ஆழத்தில் காற்று குறைவு. இரண்டும் சேர்ந்து கிடைப்பது அந்த ஓர் அடியில்தான். பழைய கிணறுகளின் அடியில் போட்ட நெல்லிக்கட்டை தண்ணீருக்குள்ளேயே தலைமுறைக் கணக்கில் கெடாமல் கிடப்பதற்கும் காரணம் இதுவே, அங்கே காற்று இல்லை.

எனவே மரக்காலைச் சுற்றிச் சிமெண்ட் ஊற்றும்போது என்ன ஆகிறது? ஊற்றும்போது மரம் ஈரத்தில் சற்று உப்பியிருக்கும். கோடையில் சுருங்கும். சிமெண்டுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி. அதில் மழைத்தண்ணீர் இறங்கி, வெளியே போக வழியில்லாமல், சரியாக அந்த ஓர் அடியிலேயே நிற்கிறது. பூஞ்சைக்கு நாமே கிண்ணம் செய்து கொடுத்தது போல.

சரி, என்ன செய்யலாம்? அழுகல் எவ்வளவு தூரம் என்று பார்த்துத்தான் முடிவு. காலைச் சுற்றி ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணை ஒதுக்கிவிட்டு, அரிவாளால் கெட்டுப்போன மரத்தைச் சீவ வேண்டும். என் சிமெண்ட் கால் விழுந்த பிறகு வீட்டுக்குக் கதவு சரிசெய்ய வந்த ஆசாரியிடம் அடுத்த காலைக் காட்டினேன். அவர் கருவியைக்கூட எடுக்கவில்லை. பாக்கு வெட்டிக்கொண்டிருந்த கத்தியாலேயே இரண்டு சீவு சீவினார். வெளியே சாம்பல் நிறத்தில் ஈர நாராக உதிர்ந்தது. மூன்றாவது சீவில் சுருள் சுருளாக, செம்பழுப்பாக வந்தது. "வெள்ளைதான் தம்பி போயிருக்கு. வைரம் அப்படியே இருக்கு. இதைப் பிடுங்காதீங்க" என்றார்.

அந்த இரண்டு நிறத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். வெளிவட்டத்து வெள்ளை மரம் சீக்கிரம் அழுகும், கறையானும் அதைத்தான் முதலில் தின்னும். வைரம் பாய்ந்த உள்மரம் தாங்கும். தேக்கு, கருவேலம் போன்றவற்றில் நல்ல வைரம் உண்டு. சவுக்கில் அந்தப் பேச்சே இல்லை. சாரத்துக்கு அருமையான மரம், மண்ணுக்குள் ஊன்றினால் எங்கள் மண்ணில் இரண்டு மழைக்காலம் தாண்டுவது அபூர்வம்.

வெள்ளை மட்டும் போய், வைரம் மூன்றில் இரண்டு பங்கு கனத்துக்கு மேல் மிஞ்சியிருந்தால் காலை அப்படியே காப்பாற்றலாம். அழுகியதை முழுக்கச் சீவி எடுங்கள், ஒரு நார்கூட விடக்கூடாது. சீவிய தூளையும் குழிக்குள் போடாதீர்கள். கறையானுக்கு அது அழைப்பிதழ். ஒரு வாரம் குழியைத் திறந்தே வைத்து வெயில் காட்டுங்கள். ஆடு மாடு கால் விட்டுவிடாமல் மேலே முள்ளைப் போட்டு வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, மண்மட்டத்துக்கு மேல் அரை அடியிலிருந்து கீழே சீவிய இடம் முழுக்கத் தாரோ, முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயோ இரண்டு கை பூசுங்கள். முந்திரி எண்ணெய் தோலில் பட்டால் புண்ணாக்கும், கையுறை இல்லாமல் தொடவே கூடாது. ஈர மரத்தின் மேல் தார் பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு இன்னும் சீக்கிரம் அழுகும். அந்த ஒரு வார வெயிலைத் தவிர்க்க முடியாது. மெக்கானிக் கடையில் சும்மா கிடைக்கிறதே என்று கழிவு ஆயிலை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கொல்லையில் கிணறோ கைப்பம்போ இருக்கும் வீட்டில் அதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

வைரமும் போய்விட்டது, ஆனால் மேல் பகுதி நன்றாக இருக்கிறது என்றால் காலுக்குக் கால் கட்ட வேண்டும். அழுகிய அடியை அறுத்துவிட்டு, அழுகாத ஒன்றின் மேல் மரத்தை நிறுத்துவது. டெல்டாவில் மலை கிடையாது. கருங்கல் வெளியிலிருந்து வர வேண்டும், அதனால் கல்லுக்கால் விலை அதிகம். உடைந்த கல்லுக்கால் துண்டு எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். இல்லையென்றால் வேலிக்கென்றே வார்த்து விற்கும் சிமெண்ட் தூண் போதும், நாலடித் துண்டாக. இரும்பு ஆங்கிளும் ஜிஐ பைப்பும் உள்நாட்டில் ஓடும். நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துரு ஏறிப் பொரிந்துவிடும். அங்கே கல் அல்லது சிமெண்ட் தூண்தான்.

செய்முறை இது. முதலில் கம்பியையோ வரிச்சையோ அந்தக் காலிலிருந்து அவிழ்த்து, பக்கத்தில் ஒரு மூங்கிலை ஊன்றி அதில் தற்காலிகமாகக் கட்டுங்கள். அழுகிய அடியைத் தோண்டி எடுங்கள். அதே குழியில் நாலடித் தூணை இரண்டடி மண்ணுக்குள், இரண்டடி மேலே இருக்குமாறு நிறுத்துங்கள். இதற்குச் சிமெண்ட் கலவை போடலாம், இங்கே அது பொருத்தமான இடம். ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நாலு பங்கு முக்கால் அங்குல ஜல்லி. கலவை கஞ்சியாக ஓடக்கூடாது, கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும். மேல்முகத்தைச் சரிவாகத் தடவி, ஈரச் சாக்கு போட்டு ஏழு நாள் தண்ணீர் காட்டுங்கள். கம்பியைத் திரும்பக் கட்டுவது அதற்குப் பிறகுதான். ஆட்டுக்குட்டி நுழைகிறது என்ற அவசரத்தில் மறுநாளே கட்டினால் தூண் இளசாக இருக்கும்போதே சாய்ந்து இறுகிவிடும்.

நல்ல மரத்தின் அடியைச் சற்றுச் சாய்வாக அறுத்து, தரைக்கு மூன்று அங்குலம் மேலே தொங்கும்படி தூணோடு சேர்த்துப் பிடியுங்கள். மரம் மண்ணைத் தொடவே கூடாது, இந்த மூன்று அங்குலத்துக்காகத்தான் இத்தனை வேலையும். தூணில் வார்க்கும்போதே விட்ட ஓட்டை இருந்தால் அரை அங்குல போல்ட் இரண்டு, ஒன்று தரையிலிருந்து முக்கால் அடியில், இன்னொன்று ஒன்றே முக்கால் அடியில். இரு பக்கமும் வாஷர் போடுங்கள், இல்லாவிட்டால் நட்டு மரத்துக்குள் புதையும். ஓட்டை இல்லாத தூணில் டிரில் போட வேண்டாம், உள்ளே கம்பி ஓடுகிறது, வெடித்துவிடும். அதற்குப் பதில் 8 கேஜ் ஜிஐ கம்பியை மரத்தையும் தூணையும் சேர்த்து மூன்று சுற்று சுற்றி, முனைகளை முடிந்து, சுற்றுகளுக்கு நடுவில் ஒரு நீள ஆணியை நுழைத்துத் திருகுங்கள். கம்பி மரத்தில் ஒரு நூல் பதியும் வரை திருக வேண்டும். அதற்கு மேல் திருகினால் அறும். இப்படி மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு. மரம் காய்ந்து கட்டுத் தளரும், அடுத்த கோடையில் ஆணியை இன்னும் அரைத் திருகு திருகிவிடுங்கள்.

உள்ளே கூடு, வெளியே ஓடு

தட்டினால் 'டொப்' என்று பொத்தல் சத்தம். மேற்பரப்பில் மண் கோடு கோடாக ஏறியிருக்கும். கறையான். பூஞ்சை வெளியிலிருந்து தின்னும், கறையான் உள்ளே தின்றுவிட்டு ஓட்டை விட்டுவைக்கும். ஒரு புறத்தில் மட்டும் மண்கோடு இருந்து மரம் கெட்டியாக இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை பாருங்கள். பொத்தல் சத்தம் வந்துவிட்டால் காலை மாற்ற வேண்டும், பேச்சே இல்லை. மாற்றும்போது பழைய அடித்துண்டைக் குழிக்குள் விடாதீர்கள். புதுக் காலின் பட்டையை உரித்த பிறகே ஊன்றுங்கள். பட்டைக்கு அடியில்தான் ஈரமும் பூச்சியும் ஒளிந்துகொள்ளும்.

மூலைக்கால் உள்பக்கமாகப் போகிறது

முள்கம்பி வேலியில் நடுக்கால்கள் கம்பியைத் தாங்குகின்றன. மூலைக்கால்தான் இழுப்பை வாங்குகிறது. ஐந்து வரிசைக் கம்பியை முறுக்கேற்றிக் கட்டியிருந்தால் அந்த இழுப்பு இரவும் பகலும் ஓய்வதே இல்லை. மண்ணும் சரி, மரமும் சரி என்றிருக்க, கால் கம்பி போகும் திசையில் சாய்ந்திருந்தால் இதுதான் காரணம். நேராக்கிச் சிமெண்ட் போட்டாலும் சிமெண்டோடு சேர்ந்து சாயும்.

எளிதான வழி முட்டுக் கொடுப்பது. எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் முட்டு வர வேண்டும், அதாவது கம்பி ஓடும் வரிசையிலேயே. பலர் எதிர்ப்பக்கம் முட்டு வைக்கிறார்கள். அது சும்மா நிற்கும், ஒரு பாரமும் தாங்காது. காலின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் ஒரு வெட்டு வெட்டி, முட்டுக்கட்டையின் தலையை அதில் பொருத்துங்கள். அதன் அடி, தரையில் பாதி புதைத்த ஒரு கல்லின் மேல் உட்கார வேண்டும். வெறும் மண்ணில் ஊன்றினால் முதல் மழையிலேயே புதைந்துவிடும். மூலையில் இரண்டு திசையில் கம்பி போவதால் இரண்டு முட்டு. எதிர்ப்பக்கத்தில் ஏதாவது செய்ய வேண்டும் என்றால் அங்கே இழுத்துக் கட்டுங்கள், மின்கம்பத்துக்கு ஸ்டே கம்பி கட்டுவது போல.

இன்னும் உறுதி வேண்டும் என்றால், மூலைக்காலிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி அதே கனத்தில் இன்னொரு கால் ஊன்றி, இரண்டின் மேல் பகுதியையும் ஒரு கிடைக்கட்டையால் இணையுங்கள். பிறகு இரண்டாவது காலின் தலையிலிருந்து மூலைக்காலின் அடிக்குக் கம்பியைக் குறுக்காக இரட்டையாக ஓட்டி, நடுவில் கட்டையை விட்டு முறுக்குங்கள். திசை மாறிவிடக்கூடாது. மூலைக்காலின் தலையிலிருந்து மற்றதன் அடிக்குக் கட்டினால் அது சாய்வதற்கு நாமே உதவி செய்கிறோம்.

படல் கட்டிய காலுக்கும் இதே கணக்குதான். அதில் கூடுதலாக ஒன்று உண்டு, படலின் மூலை தரையில் உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காலை நெம்புகிறோம்.

புயலுக்குப் பிறகு வரிசையாகப் படுத்தவை

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியபோது தென்னையும் பந்தலும் போன வேகத்தில் வேலியை யார் பார்த்தார்கள். ஆனால் அடுத்த வாரமே மாடு உள்ளே வந்து நின்றது. அப்போது கற்றது: ஒவ்வொரு காலாக நிமிர்த்தக் கூடாது. நிமிர்த்திய காலைக் கிடக்கும் காலின் பாரம் மறுபடி இழுத்துவிடும்.

முதலில் பாரத்தை இறக்குங்கள். விழுந்த மட்டை, வேலியில் படர்ந்த கோவை, பிரண்டை, அவரை எல்லாவற்றையும் அறுத்து எடுங்கள். மழையில் நனைந்த கொடியின் பாரம் கொஞ்சநஞ்சம் அல்ல. காற்றுக்கு அது பாய்மரமும் ஆகிவிடுகிறது. அப்புறம் கம்பியைத் தளர்த்துங்கள். இழுப்பில் இருக்கும் முள்கம்பியை வெட்டினால் சாட்டை மாதிரி திரும்பும். வெட்டும் இடத்துக்கு இரு பக்கமும் கயிறு போட்டுப் பிடித்துக்கொண்டு, முகத்தை விலக்கி வெட்டுங்கள். மூலைக்கால்களை முதலில் நிறுத்தி முட்டுக் கொடுத்துவிட்டு, நடுக்கால்களுக்கு வாருங்கள். மண் சேறாக இருக்கும்போது நிரந்தரமாக எதையும் நடாதீர்கள். மூங்கில் முட்டோடு தை வரை ஓட்டிவிட்டு, மண் இறுகியதும் செய்யலாம்.

கால் நிற்கிறது, வேலிதான் கடகடக்கிறது

இது சின்ன வேலை. துருப்பிடித்த ஆணியை அதே ஓட்டையில் மறுபடி அடிக்காமல், ஓர் அங்குலம் தள்ளிப் புது ஜிஐ ஆணியைச் சாய்வாக அடியுங்கள். காலின் தலையில் தண்ணீர் நிற்கும்படி தட்டையாக இருந்தால் அதையும் சாய்வாக அறுத்துவிடுங்கள், அல்லது ஒரு தகரத் துண்டை மடித்துத் தொப்பி போடுங்கள். தலை வெடித்த மரத்தில் ஆணி பிடிக்காது.

எதுவும் தேறாத காலுக்கு

சில காலைச் சரிசெய்யக் கூடாது. அடியும் போய், நடுவும் பொத்தலாகி, தலையும் வெடித்த மரத்துக்குச் சிமெண்ட் தூண் கட்டுவது வீண். அந்த இடத்தில் நான் இப்போது போத்துதான் நடுகிறேன், அதாவது ஊன்றினால் வேர் பிடிக்கும் கிளை. ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது என்று சொல்லி வைத்த அதே ஒதியன், உயிரோடு நின்றால் வேலிக்கு நல்ல கால். பூவரசும் கிளுவையும் அப்படியே. உயிருள்ள மரம் மண்மட்டத்தில் அழுகாது, வேர் விட்டு மண்ணைத் தானே பிடித்துக்கொள்ளும்.

மணிக்கட்டு கனத்தில், ஆறேழு அடி நீளத்தில் முற்றிய கிளையாகப் பாருங்கள். மழை தொடங்கும் சமயத்தில் வெட்டி, கனத்த பக்கம் கீழே வருமாறு இரண்டடி ஆழத்தில் ஊன்றுங்கள். தலைகீழாக நட்டால் பிடிக்காது. கடப்பாரையால் ஓட்டை போட்டு அதில் இறக்குங்கள், சுத்தியலால் அடித்து இறக்கினால் பட்டை கிழியும். பழைய காலைப் பிடுங்கிவிட வேண்டாம். போத்து வேர் பிடித்துக் கனக்க இரண்டு வருஷம் ஆகும், அதுவரை கம்பி பழைய காலிலேயே இருக்கட்டும். போத்தின் மேல் வெட்டுவாயில் பசுஞ்சாணியை ஒரு கை அள்ளி அப்பி, அதன் மேல் வைக்கோலைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். வெயிலில் நுனி காயாது. இருபது, இருபத்தைந்து நாளில் வைக்கோலுக்குக் கீழே மொட்டு மொட்டாகத் துளிர் கிளம்பும்.